நாலு ரூபாய் ஷேர் மலிவா? சாப்ட்வேர் கம்பெனியின் கணக்கை நீங்களே படிக்கலாம்!

கம்ப்யூட்டர் வாங்கப் போனால் நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, புராசசர் எந்தத் தலைமுறை, வாரண்டி எத்தனை ஆண்டு என்று கடைக்காரரை ஒரு வழி ஆக்கிவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறோம். ஆனால் அதே ஆள், அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் கம்பெனியின் ஷேரை வாங்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார். "ஷேர் என்ன விலை?"

என் நண்பர் ஒருவர் அப்படித்தான் கேட்டார். அவருடைய செல்போனுக்கு ஒரு "டிப்ஸ்" வந்தது. ஒரு சாப்ட்வேர் கம்பெனி, ஷேர் விலை 4 ரூபாய் 20 பைசா. "இன்போசிஸ் ஆயிரக்கணக்கில் விற்கிறது. இது நாலு ரூபாய்தானே! எட்டு ரூபாய் ஆனால் பணம் இரட்டிப்பு" என்று மகளின் காலேஜ் பீஸுக்காக வைத்திருந்த 84,000 ரூபாயில் 20,000 ஷேர் வாங்கிவிட்டார். சில மாதங்களில் விலை 1 ரூபாய் 60 பைசா. கையில் மிச்சம் 32,000 ரூபாய். அதையும் விற்க முடியாமல் பல நாட்கள் தவித்தார். ஏனென்றால் தினமும் காலையிலேயே லோயர் சர்க்யூட். விற்க ஆள் உண்டு, வாங்க ஆள் இல்லை.

பிறகு இருவரும் உட்கார்ந்து அந்தக் கம்பெனியின் கணக்கை எக்ஸெலில் போட்டுப் பார்த்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வாங்கும் முன் அந்தப் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் பீஸ் பணம் தப்பியிருக்கும். அந்தப் பத்து நிமிட வேலையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். (எந்த ஷேரையும் வாங்கும்படியோ விற்கும்படியோ இங்கு சொல்லவில்லை. கணக்கைப் படிக்கும் வழி மட்டுமே தரப்படுகிறது.)

மொத்தம் எத்தனை ஷேர்?

முதலில் தெரிய வேண்டியது ஷேரின் விலை அல்ல, ஷேர்களின் எண்ணிக்கை. ஒரு கேக்கை நாலு துண்டாகவும் வெட்டலாம், நாற்பது துண்டாகவும் வெட்டலாம். ஒரு துண்டின் விலையை மட்டும் வைத்துக் கொண்டு கேக்கின் விலையைச் சொல்ல முடியுமா?

கம்பெனி வெளியிட்டு, இன்று பங்குதாரர்கள் கையில் இருக்கும் மொத்த ஷேர்களைத்தான் அவுட்ஸ்டாண்டிங் ஷேர்ஸ் என்கிறார்கள். புரமோட்டர்கள், மியூச்சுவல் பண்டுகள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள், உங்களையும் என்னையும் போன்ற சில்லறை முதலீட்டாளர்கள் எல்லோரிடமும் இருப்பதைக் கூட்டினால் வரும் எண் இது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் ஈக்விட்டி ஷேர் கேபிடல் என்று ஒரு தொகை இருக்கும். அதை ஷேரின் முக மதிப்பால் வகுத்தால் எண்ணிக்கை கிடைத்துவிடும். இன்போசிஸின் ஷேர் கேபிடல் 2025 மார்ச்சில் சுமார் 2,076 கோடி ரூபாய். முக மதிப்பு 5 ரூபாய். வகுத்தால் 415 கோடி ஷேர். இதே முறையில் டி.சி.எஸ்.ஸுக்கு (முக மதிப்பு 1 ரூபாய்) சுமார் 362 கோடி, விப்ரோவுக்கு (முக மதிப்பு 2 ரூபாய்) சுமார் 1,047 கோடி.

ஆதரைஸ்டு கேபிடல் என்று இன்னொரு தொகையும் பக்கத்திலேயே இருக்கும். அது கம்பெனி அதிகபட்சம் எவ்வளவு வெளியிடலாம் என்ற வரம்பு மட்டுமே. குழப்பிக் கொள்ள வேண்டாம். நமக்குத் தேவை பெய்டு அப் கேபிடல்.

இப்போது மார்க்கெட் மதிப்பைக் கணக்கிடலாம். ஷேர் விலையை ஷேர்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். 2025 மார்ச் கடைசியில் டி.சி.எஸ். சுமார் 3,600 ரூபாய், இன்போசிஸ் சுமார் 1,570, விப்ரோ சுமார் 262 ரூபாய் என்று இருந்தன. பெருக்கினால், டி.சி.எஸ். சுமார் 13 லட்சம் கோடி, இன்போசிஸ் சுமார் 6.5 லட்சம் கோடி, விப்ரோ சுமார் 2.7 லட்சம் கோடி ரூபாய். ஷேர் விலையை மட்டும் பார்த்தால் இன்போசிஸ், விப்ரோவைப் போல ஆறு மடங்கு பெரியது என்று தோன்றும். உண்மையில் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. விப்ரோவின் கேக் அதிகத் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம்.

எண்ணிக்கை ஏன் மாறுகிறது?

இந்த எண்ணிக்கை நிரந்தரம் அல்ல. நான்கு காரணங்களால் மாறும்.

ஒன்று, போனஸ் ஷேர். 2024 டிசம்பரில் விப்ரோ ஒன்றுக்கு ஒன்று போனஸ் தந்தது. சுமார் 585 ரூபாயில் இருந்த ஷேர் மறுநாள் காலை 290களில் நின்றது. விவரம் தெரியாதவர்கள் "விப்ரோ பாதியாகச் சரிந்துவிட்டது" என்று பதறினார்கள். சரியவில்லை. ஒரு ஷேர் இரண்டானது, விலை பாதியானது. யாருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

இரண்டு, ஸ்ப்ளிட். 10 ரூபாய் முக மதிப்புள்ள ஒரு ஷேரை 5 ரூபாய் ஷேர் இரண்டாகப் பிரிப்பது. பலனில் இதுவும் போனஸ் போலத்தான். 1993ல் இன்போசிஸ் முதன்முதலில் ஷேர் வெளியிட்டபோது ஒரு ஷேர் 95 ரூபாய். அன்று 100 ஷேர் வாங்க 9,500 ரூபாய் ஆகியிருக்கும். 1994, 1997, 1999 ஆண்டுகளில் தலா ஒரு முறை இரட்டிப்பு. 2000ல் ஸ்ப்ளிட். 2004ல் ஒன்றுக்கு மூன்று போனஸ். பிறகு 2006, 2014, 2015, 2018 என்று மறுபடியும் நான்கு இரட்டிப்பு. பெருக்கிப் பாருங்கள். அந்த 100 ஷேர் இன்று 1,02,400 ஷேர். ஆனால் அவரைப் பணக்காரர் ஆக்கியது போனஸ் அல்ல. அதற்குப் பின்னால் கம்பெனியின் லாபம் வளர்ந்து கொண்டே வந்தது. லாபம் வளராமல் போனஸ் மட்டும் வந்தால் கையில் காகிதம்தான் கூடும்.

மூன்று, ஊழியர்களுக்குத் தரும் ஸ்டாக் ஆப்ஷன். சாப்ட்வேர் துறையில் இது அதிகம். நல்ல புரோகிராமர்களைப் பிடித்து வைக்க, சம்பளத்தோடு ஷேரும் தருகிறார்கள். புதிய ஷேர் பிறக்கும்போது பழைய பங்குதாரர்களின் பங்கு கொஞ்சம் கரையும். இதனால்தான் ரிசல்ட்டில் பேசிக் இ.பி.எஸ்., டைல்யூட்டட் இ.பி.எஸ். என்று இரண்டு எண்கள் தருகிறார்கள். இரண்டாவது, தரப்போகும் ஷேர்களையும் சேர்த்துக் கொண்டு போட்ட கணக்கு. பெரிய இந்தியக் கம்பெனிகளில் இரண்டுக்கும் சில பைசாக்கள்தான் வித்தியாசம் இருக்கும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஏன் என்று பார்க்க வேண்டும்.

நான்கு, பைபேக். கம்பெனியே தன் ஷேரைத் திரும்ப வாங்கி அழித்துவிடுவது. 2025 செப்டம்பரில் இன்போசிஸ், ஷேர் ஒன்றுக்கு 1,800 ரூபாய் வீதம் 10 கோடி ஷேர்களை 18,000 கோடி ரூபாய்க்கு வாங்கப் போவதாக அறிவித்தது. 415 கோடியில் 10 கோடி என்றால் சுமார் 2.4 சதவிகிதம்.

பைபேக்கில் மன்னன் மைக்ரோசாப்ட். 2004ல் அதற்கு 1,080 கோடி அளவில் ஷேர்கள் இருந்தன. 2025ல் சுமார் 743 கோடி. இந்த இருபது ஆண்டுகளில் லாபம் ஒரு டாலர்கூட கூடாமல் இருந்திருந்தாலும், எண்ணிக்கை குறைந்ததாலேயே ஒரு ஷேருக்கான லாபம் சுமார் 45 சதவிகிதம் உயர்ந்திருக்கும். எனவே ஒரு கம்பெனியின் இ.பி.எஸ். உயர்ந்தது என்று படித்தால், லாபம் கூடியதா, ஷேர் குறைந்ததா என்று கேளுங்கள். மைக்ரோசாப்ட்டில் இரண்டும் நடந்தது.

எக்ஸெலில் போட்டுப் பார்ப்போம்

எம்.எஸ். எக்ஸெலைத் திறந்து கொள்ளுங்கள். ஓப்பன் ஆபீஸ், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் எதுவாக இருந்தாலும் சரி. முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்திடுங்கள். ஏ1ல் கம்பெனி, பி1ல் விலை, சி1ல் ஷேர் (கோடி), டி1ல் நிகர லாபம் (கோடி), இ1ல் வருமானம் (கோடி), எப்1ல் ஊழியர்கள் எண்ணிக்கை.

இரண்டாவது வரிசையில் டி.சி.எஸ்.: 3600, 361.8, 48553, 255324, 607979.
மூன்றாவது வரிசையில் இன்போசிஸ்: 1570, 415, 26713, 162990, 323578.
நான்காவது வரிசையில் விப்ரோ: 262, 1047, 13135, 89088, 233346.

இவை 2025 மார்ச் 31ல் முடிந்த நிதியாண்டின் எண்கள். நீங்கள் செய்யும்போது புதிய ரிசல்ட்டில் உள்ள எண்களையும் அன்றைய விலையையும் போட்டுக் கொள்ளுங்கள்.

இனி பார்முலாக்கள். (செல்களின் பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.)

ஜி2: =பி2*சி2 — மார்க்கெட் மதிப்பு, கோடி ரூபாயில்.
எச்2: =டி2/சி2 — ஒரு ஷேருக்கான லாபம், அதாவது இ.பி.எஸ்.
ஐ2: =பி2/எச்2 — பி/இ விகிதம்.
ஜே2: =இ2/எப்2*100 — ஒரு ஊழியர் ஈட்டித் தரும் வருமானம், லட்ச ரூபாயில்.

ஜி2 முதல் ஜே2 வரை செலக்ட் செய்து, மவுஸால் கீழே நான்காவது வரிசை வரை இழுத்து விடுங்கள். விடைகள் வந்து நிற்கும்.

இ.பி.எஸ். டி.சி.எஸ்.ஸுக்குச் சுமார் 134 ரூபாய், இன்போசிஸுக்கு 64, விப்ரோவுக்கு 12 ரூபாய் 55 பைசா. கம்பெனிகள் அறிவிக்கும் எண்ணுக்கும் இதற்கும் சில பைசாக்கள் வித்தியாசம் வரலாம். அவர்கள் ஆண்டு முழுவதற்குமான சராசரி ஷேர் எண்ணிக்கையை எடுத்துக் கொள்வதே காரணம்.

பி/இ விகிதம் டி.சி.எஸ்.ஸுக்குச் சுமார் 27, இன்போசிஸுக்கு 24, விப்ரோவுக்கு 21. இதை எப்படிப் புரிந்து கொள்வது? லாபம் இதே அளவில் இருந்தால், நீங்கள் கொடுத்த விலைக்குச் சமமான லாபத்தைக் கம்பெனி சம்பாதிக்க எத்தனை ஆண்டு ஆகும் என்பதே இந்த எண். 3,600 ரூபாய் ஷேருக்கும் 262 ரூபாய் ஷேருக்கும் நடுவே இருந்த மலை போன்ற வித்தியாசம், 27க்கும் 21க்கும் இடையே உள்ள வித்தியாசமாகச் சுருங்கிவிட்டது பார்த்தீர்களா! விலையைப் பார்த்து மலிவு என்று சொல்லக்கூடாது என்பது இதனால்தான்.

இனி நண்பர் வாங்கிய நாலு ரூபாய் ஷேரை ஐந்தாவது வரிசையில் போட்டோம். ஷேர் 110 கோடி. (ஸ்ப்ளிட்டும் போனஸுமாகத் துண்டு போட்டே அவ்வளவு ஆகியிருந்தது.) ஆண்டு வருமானம் 9 கோடி ரூபாய், லாபம் வெறும் 30 லட்சம். மார்க்கெட் மதிப்போ 462 கோடி! ஒரு ஷேருக்கான லாபம் கால் பைசாவுக்குச் சற்று மேல். பி/இ விகிதம் 1,540. அதாவது போட்ட பணத்தை அந்தக் கம்பெனி சம்பாதித்துத் தர ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது ஆண்டு. நண்பர் மானிட்டரையே பார்த்துக் கொண்டிருந்தார். "இதைத்தான் நான் மலிவு என்று வாங்கினேனா?" என்றார்.

சர்வீஸா, புராடக்டா?

ஜே காலத்தைப் பாருங்கள். ஒரு ஊழியருக்கு டி.சி.எஸ்.ஸில் சுமார் 42 லட்சம், இன்போசிஸில் 50 லட்சம், விப்ரோவில் 38 லட்சம் ரூபாய் வருமானம். மைக்ரோசாப்ட்டின் 2025 ஜூனில் முடிந்த ஆண்டு வருமானம் 28,170 கோடி டாலர். ஊழியர்கள் சுமார் 2,28,000. தலைக்குச் சுமார் 12 லட்சம் டாலர், நம் பணத்தில் பத்து கோடி ரூபாய்!

காரணம் எளிது. நம்மூர்க் கம்பெனிகள் பெரும்பாலும் வாடிக்கையாளருக்காக வேலை செய்து தரும் சர்வீஸ் கம்பெனிகள். வேலை கூடினால் ஆட்களும் கூட வேண்டும். மைக்ரோசாப்ட் ஒரு முறை எழுதிய விண்டோஸையும் ஆபீஸையும் கோடிக்கணக்கானவர்களுக்கு விற்கிறது. அடுத்த காப்பிக்குச் செலவு மிகக் குறைவு. இது ஆபரேட்டிங் மார்ஜினில் தெரியும். அதாவது வரிக்கும் வட்டிக்கும் முன், தொழிலில் நூறு ரூபாய் வந்தால் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கணக்கு. அந்த ஆண்டில் மைக்ரோசாப்ட்டுக்குச் சுமார் 45 ரூபாய். டி.சி.எஸ்.ஸுக்கு 24 ரூபாய் 30 பைசா, இன்போசிஸுக்கு 21 ரூபாய் 10 பைசா. எனவே சர்வீஸ் கம்பெனியைச் சர்வீஸ் கம்பெனியோடும், புராடக்ட் கம்பெனியைப் புராடக்ட் கம்பெனியோடும்தான் ஒப்பிட வேண்டும்.

வளர்ச்சியைப் பார்க்கும்போது இன்னொரு எச்சரிக்கை. நம் கம்பெனிகளுக்கு வருமானம் பெரும்பாலும் டாலரில் வருகிறது. ரூபாய் மதிப்பு இறங்கினால், கூடுதல் வேலை செய்யாமலே ரூபாய்க் கணக்கில் வருமானம் ஏறும். இன்போசிஸின் 2024-25 வருமானம் ரூபாயில் 6.1 சதவிகிதம் வளர்ந்தது. நாணய மாற்றத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 4.2 சதவிகிதம்தான். ரிசல்ட்டில் கான்ஸ்டன்ட் கரன்சி என்று போட்டிருப்பது இந்த இரண்டாவது எண். வளர்ச்சிக்கு அதையே பாருங்கள்.

ஷேர் வாங்காதவர்களுக்கும் இந்த எண்கள் உதவும். கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்த மாணவரா நீங்கள்? கம்பெனியின் ஊழியர் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா, ஆண்டுக்கு நூற்றில் எத்தனை பேர் விலகுகிறார்கள் என்று ஒவ்வொரு காலாண்டு ரிசல்ட்டிலும் தருகிறார்கள். 2025 மார்ச்சில் இந்த அட்ரிஷன் விகிதம் டி.சி.எஸ்.ஸில் 13.3, இன்போசிஸில் 14.1, விப்ரோவில் 15. சேரும் முன் பார்ப்பது நல்லது. சென்னையின் ஜோஹோ போல ஷேர் மார்க்கெட்டுக்கு வராத கம்பெனி என்றால் இப்படிக் காலாண்டு ரிசல்ட் வெளியிடும் கட்டாயம் இல்லை. அங்கே நேரில் விசாரித்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டும்.

எண்களே பொய் சொன்னால்?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ். 2009 ஜனவரி 7ந் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக் கொண்டார். 2008 செப்டம்பர் காலாண்டில் காட்டிய வருமானம் 2,700 கோடி, உண்மை 2,112 கோடி. காட்டிய ஆபரேட்டிங் மார்ஜின் 24 சதவிகிதம், உண்மை 3 சதவிகிதம். ஷேர் ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் வேலை ஊசலாடியது. அந்த ஆண்டு ஏப்ரலில் டெக் மஹிந்திரா அதை எடுத்துக் கொண்டதால் கம்பெனி பிழைத்தது.

24 சதவிகித மார்ஜின் அந்தத் துறையில் நம்பக்கூடிய எண்தான். ஆகவே ரிசல்ட்டை மட்டும் படித்தவர் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் வேறு அறிகுறிகள் இருந்தன. புரமோட்டர்களிடம் இருந்த ஷேர் ஆண்டுக்காண்டு குறைந்து கொண்டே வந்தது. 2008 டிசம்பரில், தலைவரின் குடும்பத்தினர் நடத்திய மேத்தாஸ் என்ற கட்டுமான, ரியல் எஸ்டேட் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்கப் போவதாகச் சத்யம் அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில மணி நேரத்தில் பின்வாங்கியது. சாப்ட்வேர் கம்பெனிக்கு நிலம் எதற்கு?

சத்யம் விவகாரத்துக்குப் பிறகு, புரமோட்டர்கள் தங்கள் ஷேரை அடகு வைத்தால் அதை வெளியிட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. எனவே இன்று நாம் மூன்று சோதனைகள் செய்யலாம்.

முதலாவது, பி.எஸ்.இ. அல்லது என்.எஸ்.இ. இணைய தளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடி, ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன் என்ற இடத்தில் கிளிக் செய்திடுங்கள். காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள் இது வெளியாக வேண்டும். மொத்த ஷேர் எண்ணிக்கை, புரமோட்டர் பங்கு, அடகு வைத்தது எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கும். நாலைந்து காலாண்டுகளை ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, லாபத்தோடு கேஷ் ப்ளோவையும் பாருங்கள். லாபம் என்பது பில் போட்ட கணக்கு. கேஷ் ப்ளோ என்பது கைக்கு வந்த பணம். 2024-25ல் இன்போசிஸின் ப்ரீ கேஷ் ப்ளோ சுமார் 410 கோடி டாலர், நிகர லாபத்தைவிட அதிகம். லாபம் ஏறிக் கொண்டே போய், பணம் மட்டும் ஆண்டுக்கணக்கில் வராமல் இருந்தால் விலகி நில்லுங்கள்.

மூன்றாவது, பணம் எங்கே போகிறது? டிவிடெண்டாக, பைபேக்காகப் பங்குதாரர்களுக்கு வருகிறதா? இல்லாத பணத்தை யாராலும் பல ஆண்டுகள் பங்கிட்டுத் தர முடியாது. புரமோட்டரின் வேறு கம்பெனிகளுக்குக் கடனாகப் போகிறதா என்பது ஆண்டறிக்கையில் ரிலேட்டட் பார்ட்டி என்ற பகுதியில் இருக்கும்.

இவ்வளவும் இலவசமாகக் கிடைக்கும் தகவல்கள். காலாண்டு ரிசல்ட் 45 நாட்களுக்குள்ளும், தணிக்கை செய்த ஆண்டு ரிசல்ட் 60 நாட்களுக்குள்ளும் வந்துவிட வேண்டும். கம்பெனியின் சொந்தத் தளத்திலும் இன்வெஸ்டர்ஸ் என்ற பிரிவில் பி.டி.எப். பைலாகக் கிடைக்கும். டவுன்லோட் செய்து வைத்துக் கொள்ளுங்கள்.

நண்பர் ஒரு வழியாக அந்த ஷேர்களை விற்று, மிஞ்சிய பணத்தை வங்கியில் போட்டுவிட்டார். பீஸுக்குக் குறைந்த தொகையைக் கடன் வாங்கிக் கட்டினார். எக்ஸெல் பைல் மட்டும் அவருடைய டெஸ்க்டாப்பில் இருக்கிறது. போன வாரம் அவருக்கு மறுபடியும் ஒரு "டிப்ஸ்" வந்ததாம். இந்த முறை ஷேர் விலை 2 ரூபாய். எனக்குப் போன் செய்தார். "விலை கிடக்கட்டும், மொத்தம் எத்தனை ஷேர் என்று முதலில் பார்த்தேன். பார்த்ததுமே மெசேஜை டெலிட் செய்துவிட்டேன்" என்றார்.

நீங்களும் அந்த முதல் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள்.